லிமிட் நூற்றெண்பது

என் மனைவிமேல் எனக்குப் பொறாமை வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் வருகிற பொறாமை, கூட வேலை செய்கிறவனுக்குச் சொந்த ஊர்ப்பக்கமே மாற்றல் கிடைத்தால் வருகிற பொறாமை, இதெல்லாம் எல்லாருக்கும் உள்ளது. நாலு பேரிடம் புலம்பி ஆற்றிக்கொள்ளலாம். பெண்டாட்டிமேல் வந்த பொறாமையை யாரிடம் போய்ச் சொல்வது? சிரிப்பார்கள். அதனால் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எம்.எஸ்ஸி., பி.எட். அவள் பன்னிரண்டாவது. இருவருக்குமே படவேட்டுப் பக்கம்தான் ஊர். எனக்கு மலையில் வேலை கிடைத்தபோது அவளும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாள். சாமை விதைக்கிற ஒரு குடும்பத்தின் வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். டீச்சர்களுக்கும் சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்களுக்கும் ரவிக்கை தைத்துக்கொடுத்தே தனியாகக் கொஞ்சம் பணம் சேர்த்துவிட்டாள். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன், மெஷினை மிதித்துக்கொண்டே போனில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா பாக்கிற?"

"ஷேருங்க. வீடியோவுல சொல்லித் தர்றாங்க. சும்மா கத்துக்கிறேன்."

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷினு வாங்கணும் இல்ல? பேங்குல போட்டு வச்சா எந்தக் காலத்துல ஏறும்?"

சிரித்துவிட்டு டீ கேட்டேன். நமக்குத் தெரியாததா என்ற சிரிப்பு. உண்மையில் எனக்கு ஒன்றுமே தெரியாது. வட்டி தெரியும், சராசரி தெரியும், வகைநுண்கணிதம்கூடத் தெரியும். ஷேரை வாங்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அதில் இத்தனை வகை இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

முதல் அடி ஸ்டாஃப் ரூமில் விழுந்தது. எங்கள் இங்கிலீஷ் வாத்தியாரும் ஷேர் வாங்க ஆரம்பித்திருந்தார். "சார், நீங்க மேத்ஸ். இதச் சொல்லுங்க. திரையில தொண்ணூத்தியெட்டுனு பார்த்துட்டுத்தான் அழுத்தினேன். நூத்தியொண்ணுக்கு வாங்கிடுச்சு. ஏன் சார்?" என்று கேட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன், ஏதோ பெரிய புத்தகத்தைப் புரட்டப் போகிறவன் மாதிரி.

மாலையில் அவளிடம் நேராகக் கேட்க வாய் வரவில்லை. "அந்த ஆளு ஏமாந்துட்டாரு பாவம்" என்று கதைபோல அவிழ்த்துவிட்டேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "மார்க்கெட் ஆர்டர் போட்டிருப்பாரு" என்றாள்.

"அதனால?"

"பக்கத்து அண்ணன் மூட்டை அனுப்பறத நீங்க பாத்ததே இல்லையா?"

பக்கத்து அண்ணன் என்றால் எங்கள் வீட்டுக்காரர். அறுவடை முடிந்தால் அவர் சந்தைக்குப் போகமாட்டார். மலையிலிருந்து செங்கத்துக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும், பஸ்ஸை நம்பவும் முடியாது. அதனால் மூட்டையை ஜீப்காரரிடம் ஏற்றி, கூடவே ஒரு சொல்லையும் சொல்லி அனுப்புவார். இங்கே எல்லாரும் அப்படித்தான். இதை ஆறு வருடமாகப் பார்த்தவன் நான். காதில் வாங்கியவள் அவள்.

"அண்ணன் கைல காசு இல்ல, அவசரம்னா இன்னா சொல்லுவாரு? 'இன்னா வெல போனாலும் போட்டுட்டு வந்துடு'ம்பாரு. அதான் மார்க்கெட்டு. உடனே முடிஞ்சிடும், வெலதான் நம்ம கைல இல்ல. அவசரம் இல்லாத நாள்ல, 'முப்பதுக்குக் கொறஞ்சா குடுக்காத, மூட்டைய ஏத்திக்கினு வந்துடு'ம்பாரு. அதான் லிமிட்டு. வெல நம்ம கைல, விக்குமா விக்காதான்றது நம்ம கைல இல்ல. வாங்கறதும் அதே கதைதான். உங்க சாரு இன்னா வெலைனாலும் வாங்கினு வான்னு சொல்லி அனுப்பிட்டாரு. அது வாங்கினு வந்துடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு எளிதாக இருந்ததோ அவ்வளவு எரிந்தது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அதே மூட்டையை, அதே ஜீப்பை, அதே முப்பது ரூபாயை என் சொந்தச் சரக்காக இறக்கினேன். கரும்பலகையில்கூடப் போட்டுக் காட்டினேன். "சூப்பர் சார்!" என்றார் இங்கிலீஷ் வாத்தியார். நாலு மாதம் இப்படி ஓடியது. பகலில் கேள்வியை வாங்கிக்கொண்டு போவேன், சாயந்திரம் பதிலைக் கறந்துகொள்வேன், மறுநாள் காலையில் ஊற்றுவேன்.

பிறகு இங்கிலீஷ் வாத்தியார் தன் சம்சாரத்தின் ரவிக்கையை வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து போனில் குறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "இப்பத்தான் சார் தெரியுது, இதெல்லாம் எங்கயிருந்து வருதுன்னு!" என்று வெள்ளையாகச் சிரித்தார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "மேடம்கிட்ட கேட்டுச் சொல்லுங்க சார்" என்றார்கள். தபால்காரன் ஆனேன். ஹெட்மாஸ்டர்கூட ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் முகத்தைப் பார்ப்பேன். அதில் கர்வம் ஏதாவது தெரிந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று தேடுவேன். தெரியாது. பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். அதுவும் வயிற்றெரிச்சலைத்தான் கூட்டியது. கர்வப்பட்டாலாவது திட்டலாம்.

அவள் வாங்கியிருந்தது பம்பு செட்டு செய்கிற ஒரு கம்பெனியின் நூறு ஷேர். தையல் காசு மொத்தமும் அதில் இருந்தது. நூற்றுச் சில்லறைக்கு வாங்கியது, மெல்ல ஏறி இருநூற்றுப் பத்தைத் தாண்டிவிட்டது. ஆரணியில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஓவர்லாக் மெஷினைப் பேசி வைத்திருந்தாள், பதினெட்டாயிரம். கம்பெனிக்கு ரிசல்ட், அதாவது மூன்று மாத லாபக் கணக்கு, வரப்போகிறது, இன்னும் ஏறினால் தையல் மெஷினுக்கு ஒரு மோட்டாரும் வாங்கிவிடலாம், அதுவரை வைத்துப் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் நூற்றெண்பதுக்குக் கீழே போனால் மெஷினே இல்லை. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதேகாலுக்கு ஷேர்ச் சந்தை திறந்ததும் ஒரு ஆர்டர் போட்டு வைப்பாள். நூற்றெண்பதுக்கு இறங்கினால் தானாக விற்றுவிட வேண்டும், இறங்காவிட்டால் தொடக்கூடாது. சாயந்திரம் சந்தை மூடினால் அந்த ஆர்டர் செத்துவிடும், மறுநாள் மறுபடி போட வேண்டும். கோலம் போடுகிற மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு.

இதற்கிடையில் அவள் போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய், போளூர்க் கடையில் கிடந்தது. ஷேர் ஆப்பை என் போனில் ஏற்றியிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கை குழந்தைக்குப் படவேட்டில் காதுகுத்து வந்தது. விடிகாலை முதல் பஸ். எனக்கு லீவு இல்லை.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "இன்னாங்க, ஒம்பதேகாலுக்கு அந்த நூத்தியெம்பது ஆர்டர மட்டும் போட்டுடுங்க. எப்படிப் போடறதுன்னு காட்டட்டா?"

"எனக்குத் தெரியாதா?"

"இல்ல, லிமிட்டு வேற, இது வேற…"

"எம்.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சவன்கிட்ட பேசறேன்னு ஞாபகம் இருக்கட்டும். பஸ் போய்டப் போகுது, போய்ட்டு வா."

ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் நான் கேட்டிருக்கலாம். இரண்டு வார்த்தை. "எப்படி, காட்டு." என் நாக்கு அவ்வளவு கனமாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

எங்கள் பள்ளியில் தண்ணீர் டேங்க் படியில்தான் சிக்னல் கிடைக்கும். பிரேயர் மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. படியேறி நின்று ஆப்பைத் திறந்தேன். விலை இருநூற்றுப் பதினொன்று. 'விற்க' என்பதை அழுத்தினேன். மார்க்கெட், லிமிட், அதன் பிறகு என்னவென்று எனக்குத் தெரியாத இரண்டு ஸ்டாப் லாஸ்கள். நான் யோசித்தது இவ்வளவுதான்: மார்க்கெட் என்றால் இன்னா விலைனாலும், அது வேண்டாம். நமக்கு ஒரு விலை இருக்கிறது. விலை இருந்தால் லிமிட். நூற்றெண்பது என்று போட்டேன். அழுத்தினேன். பச்சையாக ஒரு டிக் வந்தது. இதற்குப் போய் என்ன பெரிய படிப்பு என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் பிரேயரில் நின்றேன்.

இன்டர்வெல்லில் பார்த்தால் நூறு ஷேரையும் காணவில்லை. விற்றுவிட்டிருந்தது. நான் அழுத்திய அந்த நொடியிலேயே, இருநூற்றுப் பதினொன்றுக்கு.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெல்ல மெல்லத்தான் புரிந்தது. நூற்றெண்பதுக்குக் குறையாமல் விற்றுவிடு என்று சொல்லி அனுப்பினேன். கையெதிரே இருநூற்றுப் பதினொன்று கொடுக்க ஆள் நிற்கிறான். அது குறைவா? இல்லையே. விற்றுவிட்டது. நூற்றெண்பதுக்கு இறங்கும் வரை சும்மா இரு என்பது வேறு சொல், வேறு ஆர்டர். நம் ஜீப்காரரிடம் "நூத்தியெம்பது வந்தா வித்துடுப்பா" என்றால் போதும். நாம் சொல்கிற முகத்தைப் பார்த்தே, எறங்கினாத்தான் விக்கச் சொல்றாரு என்று எடுத்துக்கொள்வார். ஆறு வருடம் அந்த மனுஷர் மூலமாகவே வியாபாரத்தைப் பார்த்த எனக்கு, முகம் பார்க்காத ஒன்றிடம் சொல்லி அனுப்புகிறேன் என்பது உறைக்கவில்லை.

பயம் வந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் வந்தது, அதையும் ஒத்துக்கொண்டால்தான் இதை எழுதுவதில் அர்த்தம். மெலிதாக ஒரு சந்தோஷம். அவள் ஆறு மாதம் பொத்திப் பொத்தி வளர்த்தது அவள் கையை விட்டுப் போயிற்று. இனி ஹெட்மாஸ்டர் சீட்டு எழுதமாட்டார். அந்தச் சந்தோஷம் மணி அடிக்கிற வரைக்கும் இருந்தது. பிறகு வகுப்பில் கூட்டலைத் தப்பாகப் போட்டுப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டேன்.

சாயந்திரக் கடைசி பஸ்ஸில் வந்தாள். காதுகுத்து வெற்றிலைப்பாக்குப் பையை வைத்துவிட்டு, "போட்டீங்களா?" என்று கேட்டாள். பகல் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்யை எடுத்தேன்.

"வித்துட்டேன்."

"வித்துட்டீங்களா?"

"காலைல கோட்டப் பாத்தேன். எறங்கப் போறாப்ல இருந்துச்சு. ரிசல்ட்டு வரைக்கும் வைக்கறது ரிஸ்க்கு. இருநூத்திப் பதினொண்ணுக்குத் தள்ளிட்டேன். ஒனக்கு மெஷினுக்கு மேலயே கீது."

போனைக் கேட்டு வாங்கினாள். எதையோ திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். சண்டை வரும் என்று காத்திருந்தேன். தோசை வந்தது. எனக்கு எப்போதும் இரண்டுதான். அன்று கேட்காமலேயே மூன்றாவது தோசையையும் தட்டில் வைத்தாள். ஆம்பிளை எடுத்த முடிவுக்கு மரியாதை என்று எண்ணிக்கொண்டு, மிளகாய்ப்பொடி கேட்டு வாங்கித் தின்றேன்.

அடுத்த இரண்டு நாளும் அந்த ஷேர் ஏறியது. இருநூற்று முப்பதைத் தொட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் டேங்க் படியில் நின்று, இறங்கித் தொலையாதா என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. மோசம். மறுநாள் காலையில் அந்த ஷேர் திறந்ததே நூற்றைம்பத்தெட்டில். நூற்றெண்பதை மிதிக்காமலே தாண்டிக் கீழே குதித்துவிட்டது. அவள் வழக்கமாகப் போடுகிற அந்த ஆர்டரைப் போட்டிருந்தாலும் நூற்றெண்பது கிடைத்திருக்காது என்று அவளே சொன்னாள். என் தப்பு அவள் மெஷினைக் காப்பாற்றிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

காக்கைக்கு என்ன மரியாதை என்கிறீர்கள்! அவளே வருகிறவர்களிடமெல்லாம், "இவருதான் சமயத்துல வித்தாரு" என்றாள். இங்கிலீஷ் வாத்தியார் ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்று கை கொடுத்தார். ஹெட்மாஸ்டர் என்னிடமே நேராகக் கேட்க ஆரம்பித்தார். நாலு வாரம் நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது கூசுகிறது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மார்க்கெட்டோட மூடு பார்க்கணும் சார்" என்றெல்லாம் பேசியிருக்கிறேன். ஆரணியிலிருந்து மெஷின் ஜீப்பில் வந்து இறங்கியபோது, நானே வாங்கிக்கொடுத்த மாதிரி முன்னால் நின்று இறக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வாத்தியார் மறுபடி வந்தார். இந்த முறை என்னைத் தேடி. தன் ஷேரை ஒரு விலைக்குக் கீழே விடக்கூடாது, எப்படிப் போட வேண்டும் என்றார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ரொம்பச் சுலபம் சார். விற்க, லிமிட், உங்க வெலயப் போடுங்க. அங்க வந்தா அதுவே வித்துடும்" என்று ஆரம்பித்தேன்.

அதுதான் தப்பு என்று எனக்கே தெரிந்த பிறகுதான் அப்படிச் சொன்னேன் என்பதை நம்புவீர்களா? சரியானது எது என்று அப்போதும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான்.

புது மெஷினின் சத்தம் நின்றது. அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். "சார், இவரு வாங்கறதுக்குச் சொல்றாருங்க. நீங்க கேக்கறது விக்கறதுக்கு. அதுக்கு ஸ்டாப் லாஸ்னு தனியா கீது. இவருதான் எனக்கு எடுத்துச் சொன்னாரு, நான் எழுதித் தர்றேன்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்தாள். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வண்டிச் சத்தம் மறைவதற்குள் நான் வெடித்துவிட்டேன். "நாலு பேரு முன்னாடி என்னை மட்டம் தட்டணும் உனக்கு. அன்னிக்கு உன் மெஷின காப்பாத்தினவன் யாரு?"

அவள் உள்ளே போய்த் தன் போனை எடுத்துவந்தாள். கடையிலிருந்து திரும்பி வந்த போன். அதில் ஒரு படத்தைத் திறந்து மெஷின் மேல் வைத்தாள். அந்த நாளின் ஆர்டர் புக், என்ன ஆர்டர் போட்டது என்று ஆப் வைத்திருக்கிற கணக்கு. என் போனிலிருந்து அன்று சாயந்திரமே படம் எடுத்துத் தன் நம்பருக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். ஒரே வரி. விற்பனை, நூறு. வகை, லிமிட். விலை, நூற்றெண்பது. விற்றது, இருநூற்றுப் பதினொன்று. நேரம், ஒன்பது பதினாறு.

இறங்கப் போகிறது என்று பார்த்து விற்கிறவன் இருநூற்றுப் பதினொன்று கிடைக்கிற இடத்தில் நூற்றெண்பது என்று எழுதுவானா? கோட்டைப் பார்த்து ஆராய்ந்தவனுக்குச் சந்தை திறந்து ஒரு நிமிஷம் போதுமா? எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது.

"அன்னிக்கே தெரியுமா?" என்றேன்.

"ம்."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் என்னைத் தூக்கி வச்சுப் பேசின?"

அவள் படத்தை மூடினாள். "நீங்க எத்தன நாளா என்கிட்ட மூஞ்சக் குடுத்துப் பேசலன்னு உங்களுக்குத் தெரியுமா? நாலு பேரு உங்களப் பெருசா சொன்னா வூட்லயும் சிரிப்பீங்கன்னு பாத்தேன். அதுக்குத்தான்."

அவள் மறுபடி போய் மெஷினில் உட்கார்ந்தாள். நான் என் போனை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டேன். இங்கிலீஷ் வாத்தியார் உட்கார்ந்த அதே ஸ்டூல், அதே நுனி. "ஸ்டாப் லாஸ் எப்படிப் போடறது, காட்டு" என்றேன். காட்டினாள். இறங்கினால் விழித்துக்கொள்ள ஒரு விலை, விழித்த பிறகு இதற்குக் குறையாமல் விற்க இன்னொரு விலை. இரண்டு கட்டம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. முன்னாலாவது அவளுக்கு ஒன்று தெரிகிறதே என்றுதான் எரிந்தது. அது கற்றுக்கொள்ளக்கூடியது. பொய்யைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு நாலு வாரம் என்னைப் புகழ்ந்தாளே, அது என் பிறப்பில் எனக்கு வராது.

அன்று ராத்திரியும் தோசைதான். இரண்டு வைத்தாள். சட்னியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் காதுகுத்து நாள் ஞாபகம் வந்தது. ஆர்டர் புக்கைப் பார்த்து, நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டு, நேராக அடுப்பங்கரைக்குப் போய் எனக்கு மூன்றாவது தோசையைச் சுட்டிருக்கிறாள். அந்தத் தோசைக்குத்தான் நான் மிளகாய்ப்பொடி கேட்டேன்.